பழைய காரும் பெயரில்லாக் கைகளும்

பழுதடைந்த பொருளைத் திருத்துவது தொழிலாளியின் காரியம், அதைப் பற்றிச் சிந்திப்பது தத்துவவாதியின் காரியம் என்று பிரித்து வைப்பது நமது கல்விமுறையின் நெடுநாளைய வழக்கம். நாம் மாணவருக்குக் கற்பிக்கும் தத்துவ வினாக்கள் பலவும் வேலைத்தலத்தின் வாசலோடு நின்றுவிடுகின்றன. ஆயினும், ஆண்டுக்கணக்கில் ஓடாது கிடந்த ஒரு காரைத் திருத்தி மீண்டும் வீதிக்குக் கொண்டுவரும் வேலையை ஊன்றிக் கவனிப்போமாயின், ஒரு பொருள் மாறிக்கொண்டே அதே பொருளாகவும் இருப்பது எவ்வாறு என்னும் பழங்கேள்வி அங்கே புதிய வடிவில் எழுவதைக் காணலாம்.

கொழும்பிலே இத்தகைய கார்கள் கிடப்பதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, முன்னரே வந்திருந்த மொரிஸ் மைனரும் ஒஸ்ரினும் பியூஜோவும் திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டே ஓடின. பின்னர் யப்பானிய வாகனங்கள் பெருகவே, பழையவை பின்முற்றங்களுக்கு ஒதுங்கின. 1983 ஜூலை மற்றொரு காரணத்தைத் தந்தது. வெள்ளவத்தையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் வாகனங்களும் எரிக்கப்பட்டன. தப்பியவரிற் பலர் கடல் கடந்தனர். அவ்வாறு போனவர்கள் விட்டுச்சென்ற உடைமைகளுள், தீக்குத் தப்பிய காரும் ஒன்றாக இருந்திருக்கக்கூடும். அத்தகைய ஒரு காரையே எடுத்துக்கொள்வோம்.

நின்ற இடத்திலேயே கார் அழிகின்றது. கடலை அடுத்த வெள்ளவத்தையின் உப்புக்காற்று அதன் அடித்தகட்டை அரிக்கிறது. தாங்கியிற் கிடந்த பெற்றோல் பிசினாகி, காபரேற்றரின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி, உள்ளிருக்கும் உலோகத்தைத் துருவேற்றுகிறது. இறப்பர்க் குழாய்கள் வெடிக்கின்றன. எலிகள் வயர்களைக் கடிக்கின்றன. ஆதலால் அனுபவமுள்ள தொழிலாளி எடுத்த எடுப்பில் சாவியைத் திருப்பமாட்டார். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் எண்ணெய் விட்டு, சில நாட்கள் ஊறவிட்டு, பின்னர் முன்புறக் கைப்பிடியால் எஞ்சினை மெல்லச் சுழற்றிப் பார்ப்பார். உலர்ந்து இறுகிய எஞ்சினை அவசரப்பட்டு இயக்கினால், இத்தனை ஆண்டும் நேராத சேதம் ஒரு நிமிடத்தில் நேர்ந்துவிடும் என்பதை அவர் அறிவார்.

கொட்டாஞ்சேனை ஒழுங்கை ஒன்றிலுள்ள சிறு கராஜில் இவ்வேலை மாதக்கணக்கில் நடைபெறுகிறது என்று கொள்வோம். வேண்டிய பாகங்கள் பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளிலிருந்து வருகின்றன. அடித்தகடு மாறுகிறது, வயர்கள், ரயர்கள், பிறேக் சிலிண்டர்கள் மாறுகின்றன, எஞ்சினிற் பாதி மாறுகிறது. இறுதியில் ஓடுவது அந்தப் பழைய கார்தானா?

கிரேக்க வீரன் தீசியஸின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் உக்கிய பலகைகளை மாற்றி மாற்றிக் காத்துவந்ததையும், அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் வாதிட்டதையும் புளூட்டாக் எழுதியிருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிஞர் ஹொப்ஸ் அதற்கு மேலும் ஒரு முடிச்சுப் போட்டார்: கழற்றிய பழைய பலகைகளையே சேர்த்து ஒருவன் இன்னொரு கப்பல் கட்டினால், எது உண்மையான கப்பல்? ஹொப்ஸ் கற்பனையிற் கண்டதைப் பஞ்சிகாவத்தை அன்றாட வியாபாரமாக நடத்துகிறது. அங்கே ஒரு காரின் உறுப்புகள் பத்துக் கார்களிலே மறுபிறப்பு எடுக்கின்றன. நமது நாட்டுப் பௌத்த மரபு போற்றும் மிலிந்த மன்னனின் உரையாடலிலோ, நாகசேனர் தேரைச் சுட்டி, அச்சுத் தேரா, சக்கரம் தேரா என்று வினவுகிறார். உறுப்புகளின் சேர்க்கையைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்பது அங்கே பெறப்படும் விடை. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் விடை இன்னும் எளியது. பதிவேட்டிலுள்ள அடிச்சட்ட இலக்கம் பொருந்தினால் அதுவே கார்.

இவ்விடைகள் யாவும் பொருளை எட்ட நின்று பார்ப்பவரின் விடைகள். பலகையை மாற்றிய தச்சன் யார் என்று இவற்றுள் எதுவும் கேட்கவில்லை. பலகைகள் தாமாக மாறவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு கை அளந்து, அறுத்து, பொருத்தியது. ஒரு பொருள் காலத்தைக் கடந்து அதுவாகவே நிலைப்பது மனித உழைப்பின் பயன் என்பதே நமது கருத்து. அவ்வுழைப்பு நின்ற நாளில் கப்பல் விறகாகும், கார் பழைய இரும்பாகும்.

நமது இலக்கண ஆசிரியர்கள் இதை எளிதில் விளக்குவர். ‘திருத்தினேன்’ வேறு, ‘திருத்துவித்தேன்’ வேறு. தமிழ் தெளிவாக வகுத்துத் தந்த இவ்வேறுபாட்டைச் சொத்துடைமை மறைத்துவிடுகிறது. மன்னன் கோயில் கட்டினான் என்று எழுதுகிறோம். உரிமையாளர் காரைத் திருத்தினார் என்று பாராட்டுகிறோம்.

கூலிதான் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன கடன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் கூலி அளப்பது நேரத்தை. துருப்பிடித்த தகட்டின் மேல் பட்டி பூசி, வர்ணம் அடித்து, பளபளப்பாகக் கொடுத்துவிடலாம், உரிமையாளர் அறியமாட்டார், இரண்டு மழைக்காலத்துக்குள் துரு வெளியே வரும். நல்ல உலோகம் தெரியும்வரை வெட்டியெறிந்து, புதுத் தகட்டை உருக்கி ஒட்டுவதே நேர்மையான வேலை. எவரும் பாராத இடத்தில் அந்த நேர்மையைத் தேர்ந்தெடுக்கும் மனச்சாட்சியை எந்தக் கூலிச்சீட்டும் கணக்கிடுவதில்லை. உரிமையாளரின் உயிர் அந்தப் பிறேக்கிலே தங்கியிருக்கிறது.

இறக்குமதித் தடையின் பற்றாக்குறையைப் புகழ்வது நமது நோக்கமன்று. அது எளியவரையே முதலில் வருத்தியது. எனினும் அக்காலத்தில் திரண்ட திறமை இந்நாட்டின் செல்வம். 1990களில் மொரிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் இலங்கையிற் செய்யப்பட்டு, அக்கார் பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. இடைப்பட்ட காலத்திற் பழைய வாகனங்களின் விலை ஏறியது. ஏறிய விலை உடையவனுக்கும் தரகனுக்கும் ஆயிற்று. அவற்றை ஓடவைத்த கைகளுக்கு அந்த ஏற்றத்திற் பங்கு கேட்கும் உரிமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

துருவை மறைத்துப் பூசலாகாது என்னும் தொழில் நீதி காருக்கு மட்டும் உரியதன்று. 1983இன் காயங்களின் மேல் பட்டி பூசி ஒற்றுமை என்று வர்ணம் அடிப்பவர்கள், கராஜிலே வேலை பழகும் சிறுவனுக்குத் தெரிந்ததைக் கூட அறியாதவர்கள். நல்ல உலோகம் தெரியும்வரை வெட்டுவது வலிக்கும். அதற்குக் காலமும் பொறுமையும் வேண்டும்.

தீசியஸின் கப்பலை வகுப்பில் விளக்கும் ஆசிரியர்கள், அக்கப்பலின் தச்சர்கள் யார், அவர்களுக்கு என்ன கூலி கிடைத்தது, அவர்களின் பெயர்கள் ஏன் எஞ்சவில்லை என்ற கேள்விகளையும் மாணவர்முன் வைக்கவேண்டும். மாணவர்கள் விடை தேடிக் கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குப் போய்ச் சேர்வார்களாயின், தத்துவம் அதற்குரிய இடத்துக்கு வந்து சேர்ந்ததாகவே நாம் கொள்வோம்.