தலைவர் போனபின் தரம் நிற்குமா?

பள்ளியொன்று சிறந்தோங்கினால், "எல்லாம் அந்தத் தலைமை ஆசிரியரால்" என்கிறோம். அவர் ஓய்வு பெற்ற மறு ஆண்டே அது சீர்கெட்டால், அதற்கும் நாம் வியப்பதில்லை. ஆள் போனால் தரமும் போகும் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்ட சமுதாயம், தரத்தைக் கட்டிக் காக்க முயலுமா? ஆளைத் தேடும், கிடைத்தால் மாலை சூட்டும், மறைந்தால் மாரடிக்கும். அவ்வளவே!

இது இயற்கையின் நியதிதானா? இரண்டு மருத்துவமனைகளை அருகருகே வைத்து எண்ணிப் பார்ப்போம்.

வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையிலே, 1840-களில், இரு பிரசவ விடுதிகள் இருந்தன. ஒன்றிலே மருத்துவர்களும் மாணவர்களும், மற்றொன்றிலே மருத்துவச்சிகள். 1846-ஆம் ஆண்டில் மருத்துவச்சிகளின் விடுதியில் 100 தாய்மாருக்கு 3 பேர்கூட மாளவில்லை. மேதைகளின் விடுதியிலோ, 100-க்கு 11 பேருக்கு மேல் மாண்டனர்! ஏழைப் பெண்கள், "அந்த விடுதி மட்டும் வேண்டாம்" என்று மண்டியிட்டுக் கதறினர். மருத்துவமனை ஏடுகளிலும் எண்ணிக்கை ஒழுங்காகவே பதிவாயிற்று. கணக்கு இருந்தது, காணும் கண்தான் இல்லை. காற்றுக் கெட்டதென்றனர் சிலர். சாகக் கிடப்போர்க்குச் சடங்கு செய்ய மணியோசையுடன் வரும் பாதிரியாரைக் கண்டு அஞ்சியே தாய்மார் மாள்கின்றனர் என்றனர் வேறு சிலர்.

அங்கே உதவி மருத்துவராக இருந்த இக்னாஸ் செம்மல்வைஸ், அந்த மணியையும் விட்டுவைக்கவில்லை. பாதிரியாரை வேறு வழியாக, ஓசையின்றி வரச் செய்து பார்த்தார். சாவு குறையவில்லை. 1847-இல், பிணப் பரிசோதனையின்போது கத்தி கீறி அவருடைய நண்பர் கொலெட்ச்கா மாண்டார். அந்த உடலில் கண்ட குறிகள், தாய்மாரின் உடலில் கண்டவற்றையே ஒத்திருந்தன. உண்மை பளிச்சிட்டது! பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வருகிறார்கள் மேதைகள். மருத்துவச்சிகளோ பிணப் பரிசோதனை செய்வதில்லை. குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பின்னரே உள்ளே வரவேண்டுமென்று ஏற்பாடு செய்தார். 1848-இல் சாவு 100-க்கு 2 பேருக்கும் கீழே இறங்கிற்று.

1849-இல் அவருடைய பதவிக்காலம் நீட்டிக்கப்படவில்லை. மறு ஆண்டு நகரையே விட்டுப் போனார். அவர் போனார், கட்டுப்பாடு தளர்ந்தது. சாவு மீண்டும் தலைதூக்கிற்று. 1865-இல், தமது 47-ஆம் வயதில், மனநோய் விடுதியொன்றில் மாண்டார் அந்த மனிதர்.

பழமைப் பித்தர்கள் செய்த கொடுமை என்று கூறி ஏட்டை மூடிவிடலாம். பெரும்பகுதி உண்மையுங்கூட. கனவான்களின் கையிலா அழுக்கு என்ற ஆணவம், எத்தனை குழந்தைகளைத் தாயற்றவர்களாக்கிற்று! ஆனால், அவர் பக்கமும் பார்க்கவேண்டும். தம் முடிவுகளை விரிவான நூலாக அவர் வெளியிட்டது 1861-இல்தான். மறுத்தோரைக் கொலைகாரர் என்று கடிதங்களில் சாடினார். கட்டளை காதில் விழுந்தது. காரணம் நெஞ்சில் ஏறவில்லை. மாணவர் கழுவியது அவர் கண்ணுக்கு அஞ்சி. கண் அகன்றது, கையும் மறந்தது. ஒன்று மட்டும் சொல்லியாகவேண்டும்: தம் கையும் எத்தனையோ தாய்மாரைக் கல்லறைக்கு அனுப்பிற்று என்பதை அவர் மறைக்கவில்லை, தம் நூலிலே எழுதியே வைத்தார். அந்த நேர்மை அவரோடு நின்றுவிட்டது. அதனை அந்த விடுதியின் வழக்கமாக்க அவருக்குக் காலமும் இல்லை, ஒருவேளை பொறுமையும் இல்லை.

அவ்வாறு வழக்கமாக்க முடியுமா? முடியும் என்பதற்கு மதுரை சான்று. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்கள் அவருடையவை. அந்த விரல்களைப் பழக்கியே கத்தி பிடித்தார். நாம் கவனிக்க வேண்டியது அந்த வீரத்தை அன்று. அங்கே அமைந்த முறையை. காசு கொடுப்போர்க்கும் கொடாதோர்க்கும் அறுவை செய்வோர் அதே மருத்துவர்கள், முறை மாற்றி மாற்றி. அறுவையில் நேரும் கோளாறுகள், எவர் கையில் நேர்ந்தன என்பதோடு பதிவாகின்றன, பதிவானவை ஆராயப்படுகின்றன. வியன்னாவில் உறங்கிய கணக்கு, இங்கே நாள்தோறும் பேசிற்று.

2006-இல் வெங்கடசாமி மறைந்தார். மருத்துவமனை சரியவில்லை, கிளைகளோடு வளர்ந்தது. "அவர் குடும்பத்தாரே பலர் மருத்துவர்கள்; இரத்த உறவு காத்தது" என்பார் உண்டு. ஓரளவு ஒப்புகிறேன். ஆனால், நோயாளியைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, சோதித்து, அறுவைக்கு ஆயத்தம் செய்வோர் யார்? கிராமங்களிலிருந்து வந்து, ஈராண்டுப் பயிற்சி பெற்ற பெண்கள். அவர்களுக்கு எந்த இரத்த உறவு?

தன் பிழை ஏட்டில் ஏறுவதை எவரும் எளிதில் விரும்புவதில்லை. அதிலும் பெயர் பெற்றவருக்கு அது நெருப்பு. தலைவரானவர் தம் பிழையை முதல் வரியாக எழுதச் சொன்னாலொழிய, இளையவர் எவரும் இரண்டாம் வரிக்கு முன்வரமாட்டார். நம் ஊர்ப் பள்ளியிலே, சங்கத்திலே, கூட்டுறவுப் பண்டகசாலையிலே, மறைந்த பெரியவர்களின் படத்துக்குக் குறைவில்லை. அந்தப் படத்தின் கீழே, எவரும் திறந்து பார்க்கக்கூடிய அப்படியொரு ஏடு கிடக்கிறதா?