காண்பானும் கண்காணியும்

சப்ரகமுவ மாகாணத்து இறப்பர்த் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வழங்கிவந்த சொற்களுள் 'கங்காணி' என்பது பொருள் செறிந்த ஒன்று. கண்காணி என்பதன் திரிபே அது. கண்டுகொண்டு நிற்பவன் என்பது நேர்ப்பொருள். ஆயின் தோட்டத்திலே கங்காணி வெறுமனே கண்டுகொண்டு நின்றவனல்லன். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவனும், 1921ஆம் ஆண்டிலே துண்டுமுறை ஒழிக்கப்படும்வரை அவர்தம் கடனைச் சீட்டாகத் தோட்டத்துக்குத் தோட்டம் கொண்டுசென்றவனும், வேலைக்கிறங்கிய ஒவ்வோராளுக்கும் தலைக்காசு பெற்றவனும் அவனே. அவன் கண்ணிற் பட்ட உழைப்பு ஒரு பேர். குறையாகப் பட்டது அரைப்பேர். படாத உழைப்புக்குக் கணக்கில் இடமில்லை. காணுதல் என்னும் செயல் காணப்படுவதன் நிலையையே மாற்றவல்லது என்பதை அறியத் தோட்டத்து மக்களுக்குப் பௌதிகநூல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பௌதிகவியல், உயிரியல், இயற்கைக் கவிதை பற்றிய ஆய்வு ஆகிய மூன்றையும் ஓரிடத்தில் வைத்து நோக்கும் முயற்சிகள் பல்கலைக்கழகங்களில் இன்று பெருகி வருகின்றன. இம்மூன்றும் சந்திக்கும் வினா ஒன்று உண்டு. அறிதல் என்பது பொருளுக்குப் புறத்தே நின்று பெறும் பேறா, அன்றிப் பொருளின்மீது நிகழ்த்தப்படும் செயலா? செயலெனின், அதற்குரிய விலையைச் செலுத்துவோர் யாவர்? முன்னைய வினா மெய்யியலாருடையது. பின்னையது அறவியலைச் சார்ந்தது. அதுவே இரத்தினபுரி, கேகாலை மலைச்சாரல்களில் நின்று கேட்கத்தக்கது.

1927ஆம் ஆண்டில் ஹைசன்பேர்க், ஓர் இலத்திரனின் இடத்தையும் உந்தத்தையும் ஒருங்கே வரம்பின்றித் துல்லியமாக வரையறுத்தல் இயலாது எனக் காட்டினார். அளவிடும் கருவியை அளக்கப்படும் பொருளிலிருந்து முற்றாகப் பிரித்துப் பேசவியலாது என்பது நீல்ஸ் போர் அதிலிருந்து வளர்த்த கருத்து. 1932ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் 'ஒளியும் உயிரும்' என்னும் பொருளில் ஆற்றிய உரையிலே அவர் அக்கருத்தை உயிர்களுக்கும் விரித்தார். ஒரு விலங்கின் உடலில் ஒவ்வோர் அணுவும் ஆற்றும் பணியை இறுதிவரை ஆராய முனைவோன் அவ்விலங்கைக் கொன்றேயாக வேண்டும் என்பது அவ்வுரையின் மையமான எடுத்துக்காட்டு. அவ்வுரையைக் கேட்டிருந்த மக்ஸ் டெல்புறூக் பௌதிகத்திலிருந்து உயிரியலுக்குத் திரும்பினார். 1943இல் டப்ளினில் சுரோடிங்கர் நிகழ்த்திய விரிவுரைகள் அடுத்த ஆண்டு 'உயிர் என்றால் என்ன?' என்னும் நூலாக வெளிவந்து, ஒரு தலைமுறை உயிரியலாரை ஈர்த்தன. போர் எதிர்பார்த்த எல்லை அவர் எண்ணிய இடத்திற் காணப்படவில்லை என்பது வேறு. மூலக்கூற்று உயிரியல் அவ்வெல்லையைப் பொருட்படுத்தாது வெகுதூரம் சென்றுவிட்டது. அறிதலுக்கு விலையுண்டு என்ற அவரது குறிப்போ எஞ்சியே நிற்கின்றது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டப்படும். குவாண்டம் கொள்கையிற் கூறப்படும் அவதானிப்புக்கு மனித மனம் வேண்டுவதில்லை. ஒரு கருவியோ, வந்து மோதும் ஒரு வளிமூலக்கூறோ போதும் என்பதே பௌதிகவியலாருட் பெரும்பாலார் கொள்கை. எனவே அணுவின் இயல்பிலிருந்து நேரே அறநெறியைப் பெறமுயல்வது பிழை. தொல்காப்பியர் குவாண்டம் அறிந்திருந்தார் என மேடையிற் பேசுவது அதனினும் பெரும் பிழை. அப்பேச்சினாற் தொல்காப்பியருக்கும் பெருமையில்லை, பௌதிகத்துக்கும் பயனில்லை. அறிவியலாருங்கூட இத்தகைய ஆர்வத்துக்கு ஆட்படுவதுண்டு. ஒளித்தொகுப்பின்போது சக்தி கடத்தப்படுவதில் குவாண்டம் அலைத்தன்மை பெரும்பங்கு வகிக்கின்றது என்ற முடிபு 2007ஆம் ஆண்டில் உலகெங்கும் பேசப்பட்டது. 2020ஆம் ஆண்டளவில், அன்று காணப்பட்ட துடிப்புகள் பெரிதும் மூலக்கூறுகளின் அதிர்வுகளே என மீளாய்வு செய்தோர் உரைத்தனர். ஒப்புமை வேறு, சான்று வேறு என்பதை மறவாதவரே மூன்று துறைகளையும் ஒருங்கு பேசத்தக்கவர்.

ஒப்புமை என்ற அளவில், இறப்பர் மரத்தடியில் நிகழ்வது நோக்கத்தக்கது. 1876ஆம் ஆண்டில் விக்கம் என்பார் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனுக்குக் கொண்டுசென்றார். அவற்றில் முளைத்த கன்றுகளுட் சில கம்பகாவைச் சேர்ந்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் மலைச்சாரல்களை மூடிய இறப்பர்க் காடுகளின் வரலாறு அங்கே தொடங்குகின்றது. பால்வெட்டுவோர் விடியுமுன்னரே மரத்தை அடைகின்றனர். பாற்கலன்களின் அமுக்கம் அப்பொழுதுதான் மிக்கிருக்கும். வெயிலேறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கினால் அது தாழ்ந்துவிடும். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மாறிழையம் என்னும் மெல்லிய படை உண்டு. கத்தி அதனை அணுகவேண்டும், ஆனாற் தீண்டலாகாது. ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்ப் பட்டை எஞ்சுமாறு வெட்டுதல் வேண்டும். மேலோட்டமாக வெட்டினாற் பால் குறையும். ஆழ வெட்டினால் மரம் புண்பட்டு, மீளவளரும் பட்டை முடிச்சுறும். வெட்டியே அறிதல், ஆயினும் உயிரைப் போக்காது அறிதல் என்னும் இவ்வறிவு பால்வெட்டும் பெண்ணின் மணிக்கட்டில் உள்ளது. கொன்றாலன்றி முற்ற அறியவியலாது என்ற போரின் கூற்றோடு இதனை வைத்துப் பார்த்தல் தகும். முற்ற அறிதலை அவள் நாடவில்லை. நாளை மறுநாளும் அதே மரத்தடிக்கு வரவேண்டியவளுக்கு எங்கே நிறுத்துவது என்பதே முதன்மையான அறிவாகும்.

பெருந்தோட்டத்துக்கோ அவ்வாறு நிறுத்தத் தெரிந்ததில்லை. 1869ஆம் ஆண்டு இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. 1880 முதல் 1882 வரை இங்கு தங்கி அதனை ஆராய்ந்த மார்ஷல் வோட், ஒரே பயிரை இடைவெளியின்றிப் பரப்பியமை அப்பூஞ்சணத்துக்குப் பெருவிருந்தாயிற்று என விளக்கினார். நோயின் காரணம் விளங்கிற்று. தோட்டம் தன்னைத் திருத்திக்கொள்ளவில்லை. கோப்பியை நீக்கிய நிலத்திற் தேயிலையை அதே முறையில் நட்டது. நூறாண்டு கழிந்தபின், உயர்விளைச்சலுக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட RRIC என்னும் வரிசையைச் சேர்ந்த 103ஆம் இறப்பர் இனம் 1980களின் நடுப்பகுதியில் இலையுதிர்வு நோயொன்றுக்கு இரையாகிக் கைவிடப்பட்டது. ஒட்டுக்கன்றாற் பெருக்கப்பட்ட மரங்கள் யாவும் மரபணுவில் ஒன்றேயாதலின் ஒன்றைத் தாக்கவல்ல நோய் அனைத்தையும் தாக்கவல்லதாயிற்று. இங்கே குறைபட்டது ஆய்வறிவு அன்று. விளைச்சல் ஒன்றையே காணப் பழகிய கண், மரத்தின் ஏனைய இயல்புகளைக் காணாது விட்டது. தொழிலாளரைப் பேராக மட்டும் கண்டதும் அதே கண்தான். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கிய பின்னரும் அவர்தம் வரவுப் பதிவு ஒருநாளும் தவறியதில்லை.

முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற தமிழ்த் திணைமரபின் பாகுபாடு இப்பின்னணியிற் புதுப்பொருள் பெறுகின்றது. நிலமும் பொழுதும் முதல். மரமும் புள்ளும் விலங்கும் மனிதர் தொழிலும் கரு. மனிதர் ஒழுக்கம் உரி. இம்மரபிலே இயற்கை மனிதனுக்குத் திரைச்சீலையன்று. தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களையே நிலைக்களனாகக் கொண்டு உள்ளுறை அமையும் எனத் தொல்காப்பியம் வகுத்தது சிந்திக்கத்தக்கது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களைப் பெயர்கூறி அடுக்குகின்றது. உயிரியலார் ஒரு சதுரத்துள் நிற்கும் மரங்களை எண்ணும் பொறுமைக்கு அது குறைந்ததன்று.

இத்திணை மரபில் சப்ரகமுவத் தோட்டம் எத்திணை? மலை என்பதாற் குறிஞ்சி என்பர். ஆயின் குறிஞ்சிக்குரிய கருப்பொருள் அழிக்கப்பட்டு ஒரே மரம் வரிசையாக நிற்கும் நிலம் அது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் கூறும். ஆண்டு முழுதும் மழை பெய்யும் ஈரவலயத்தைப் பாலை என்பது முதலில் நகைப்பாகத் தோன்றலாம். ஆனாற் பாலையின் உரிப்பொருள் வறட்சியன்று, பிரிவு. ஊரைப் பிரிந்து கடல் கடந்தோரும், 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் உறவினரைப் பிரிந்து கப்பலேறியோரும் வாழ்ந்த நிலம், எவ்வளவு மழை பொழியினும், உரிப்பொருளாற் பாலையே. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்த மலையகத்து வாய்மொழிப் பாடல்கள் இவ்வகையிற் திணைக்கவிதையின் எதிர்பாராத வழித்தோன்றல்கள். கங்காணியால் காணப்பட்டோர் அவற்றிலே காண்போராகின்றனர்.

தோட்டங்களின் தென்னெல்லைக்கு அப்பால், இரத்தினபுரி மாவட்டத்துக் குடாவை வழியே நுழையும் சிங்கராஜ வனத்தில் வேறொரு கண்காணியைக் காணலாம். 1970களில் இயந்திரங்கொண்டு மரம் தறிக்கப்பட்டு, மக்கள் எதிர்ப்பினால் 1977இல் அது நிறுத்தப்பட்ட வனம் அது. 1988இல் உலக மரபுரிமையாயிற்று. அங்கே பல்வகைப் பறவைகள் ஒரே கூட்டமாக இரைதேடித் திரியும். சரத் கொட்டகம முதலியோர் இக்கூட்டங்களை நெடுங்காலம் ஆராய்ந்தனர். செம்மஞ்சள் அலகுடைய சிலம்பன்கள் கூட்டத்தின் நடுவாக, நீள்வாற் கரிச்சான் காவலாக நிற்கும். வல்லூறு வந்தாற் கரிச்சான் குரலெழுப்ப, ஏனையவை மறையும். பிற பறவைகளின் குரலைப் போலிசெய்து கூட்டத்தை அழைக்கவும் அது வல்லது. அதுவும் பயன்கருதாத் துறவியன்று. சிலம்பன்கள் கலைக்கும் பூச்சிகளே அதன் கூலி. எனினும் அதன் காவலின் பயன் காணப்படுவோரையும் சேர்கின்றது. தன் தலைக்காசுக்காகப் பிறரைக் கடனில் வைத்திருக்கும் வழக்கம் அக்காட்டில் இல்லை.

2016ஆம் ஆண்டு மே 17ஆந் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியிலும் மலை சரிந்து வீடுகள் மண்ணுள் மறைந்தன. புளத்கொஹுபிட்டியிற் புதைந்தவற்றுட் தோட்ட லயக்காம்பிராக்களும் இருந்தன. சரிவெனும் இடரை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியால மழை 75, 100, 150 மில்லிமீற்றர் எனப் படிப்படியாக ஏறுகையில் விழிப்பு, எச்சரிக்கை, வெளியேற்றம் என அறிவிப்புகளை விடுக்கின்றது. இடர்மிகுந்த ஊர்களில் எளிய மழைமானிகளையும் மக்களிடம் கொடுத்துள்ளது. இதுவரை பிறரால் எண்ணப்பட்டவர் இப்பொழுது தாமே அளவிடுகின்றனர். மானியில் 150ஐக் கண்ட பெண், உறங்கும் பிள்ளைகளை எழுப்புகின்றாள். கதவுக்கு வெளியே அதே சரிவு. அதற்கு அப்பாலுள்ள காணியும் தோட்டத்துக்குரியதே.