நெடிய இரவும் கடுஞ்சொல்லும்

மார்கழி ஆறாம் ஏழாம் நாளளவில் ஞாயிறு தென்கோடியுற்று வடக்கே திரும்புகின்றது. ஆண்டின் நெடிய இரவு அதுவே. ஆயினும் குமரிக் கரையில் அவ்விரவு பகலினும் ஒரு மணி நேரந்தானும் மிகுவதில்லை.

சைவருள் எழும் வேற்றுமையும் பலகால் இத்துணைச் சிறிதே. அதனை விடியா இரவாக்குவது ஆணவம். அருட்பாப் பூசலில், ஒரே சிவபெருமானை வழிபட்ட இருதிறத்தாரும் வசைநூல் யாத்தனர். 1869-இல் அப்பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றமும் ஏறியது. பின்னாளில் நாஞ்சினாட்டு இடலாக்குடிச் செய்குத்தம்பிப் பாவலரோ, இசுலாமியராயிருந்தும், அவ்வருட்பாவின் மேன்மையை மேடைகளில் நாட்டினார். பெரிய வேற்றுமையும் அன்பிற்குச் சிறிதாயிற்று.

பொய்க்கொள்கையை மறாது விடுதல் தகுமோ எனின், தகாது. ஆயின் சித்தியார் பரபக்கம் பிறர் மதத்தை முன்னர் எடுத்தோதிப் பின்னரே மறுக்கின்றது. எதிரியின் கருத்தை அவன் ஒப்புமாறு கூறவல்லார்க்கே மறுக்கும் உரிமை உண்டென்பதை மார்கழி வைகறையில் வழிபடுவார் சிந்திப்பாராக.