வேட்டைப் பெட்டி

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அவர் வேட்டைக்குக் கிளம்பும்போது மட்டுந்தான் அது அட்டாலியிலிருந்து கீழே இறங்கும். மூடியின் உட்புறம், அவர் கைப்பட எழுதிய ஜாபிதா ஒன்று ஒட்டியிருக்கும். பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கி, தோட்டா, டார்ச் விளக்கு, மாற்று பாட்டரி, பரண் கட்டக் கயிறு, கம்பளி, பிளாஸ்க், கொயினா மாத்திரை, அயோடின், வெற்றிலைப் பெட்டி. புறப்படுவதற்கு முதல் நாள் மாலை அவர் ஒவ்வொன்றாக வாசிப்பார். நான் எடுத்து அடுக்குவேன். அப்போது எனக்கு வயது பதினொன்று. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வாசலில் நின்றால் போதமலை தெரியும்.

அவ்வளவு சிரத்தையாகப் பிரயாணம் புறப்பட்ட மனிதரை நான் பிறகு கண்டதில்லை. ஆனாலும் 1959ஆம் வருஷம் அந்தச் சிரத்தைக்கு ஒரு சோதனை வந்தது.

அன்று அவர் போனது முயலுக்கும் கௌதாரிக்கும். ஆகவே பெட்டியில் இருந்தது சின்ன ரவைத் தோட்டா. மலையடிவாரத்தில், பொழுது சாயும் வேளையில், பாறைமேல் ஒரு சிறுத்தை வந்து நின்றது. கையில் துப்பாக்கி, எதிரே சிறுத்தை. எந்த ஆண்பிள்ளைதான் சும்மா இருப்பான்? சுட்டுவிட்டார். பாறையில் ரத்தம் இருந்தது, சிறுத்தை இல்லை. இருட்டிவிட்டது. மறுநாள் சேலத்தில் ஒரு கல்யாணம். திரும்பி வந்துவிட்டார்.

நாலாம் நாள் அந்தச் சரிவில் ஆடு மேய்க்கப் போன பையன் ஒருவனைச் சிறுத்தை பிடித்தது. உயிர் தப்பினான், இடது கை போயிற்று. அவனுக்கும் ஏறக்குறைய என் வயசுதான். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் பெரியப்பா கொடுத்தார். பையனின் தகப்பனார் எங்கள் வீட்டுத் திண்ணை ஓரம் நின்று சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது.

"சுட்டீங்க சரிங்க. ஒரு வார்த்தை ஊருக்குள்ள சொல்லியிருந்தா, பையனை அந்தப் பக்கம் அனுப்பியிருக்க மாட்டனுங்க."

கோபமே இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் பெரியப்பா பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார்.

அன்றிரவு வீட்டில் பெரிய விவாதம். "உயிரைக் கொல்லப் போனதே பாபம், அதற்கு மேல் என்ன பேச்சு?" என்றாள் பாட்டி. "பெரிய தோட்டா இரண்டு எடுத்துப் போயிருந்தால் இந்த வினையே இல்லை" என்றார் சித்தப்பா. ஒருவர் செயலைக் குறை சொன்னார். மற்றவர் சாமானைக் குறை சொன்னார். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ உண்மை இருக்கிறது என்று இத்தனை வருஷமாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

சித்தப்பா சொன்னதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பழைய சேலம் ஜில்லாவின் காடுகளில், ஜவளகிரிப் பக்கமெல்லாம், ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த பெங்களூர் வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன், 1954ல் வெளிவந்த தம் முதல் புத்தகத்திலேயே ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்: ஆட்கொல்லியை உண்டாக்குவது பெரும்பாலும் மனிதன்தான், குறி தப்பிய குண்டால் ஊனமடைந்த மிருகம், வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதனிடம் வருகிறது. குமாவுன் மலையில் 1907ல் ஜிம் கார்பெட் சுட்டுக் கொன்ற சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார் கார்பெட். வலப்புறத்துக் கோரைப் பற்கள், மேலும் கீழும், உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட குண்டின் காயம். சுட்டவர் பெயர் யாருக்கும் தெரியாது. அவரும் ஒருநாள் மாலை சாமான்களைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கோ கச்சேரிக்கோ நேரமாயிற்று என்று வீடு திரும்பியிருப்பார்.

ஆகவே எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்பது வெறும் சாமான் விஷயமல்ல. அது தர்ம விஷயம். ஆண்டர்சன் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். அதே ரகத் துப்பாக்கியை 1909ல் அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போனார். வழியில் படிப்பதற்கென்று பன்றித் தோலில் கட்டடம் செய்த புத்தகங்களையும் ஒரு பெட்டி நிறைய அவர் கொண்டுபோனார் என்றால் வாசகர்கள் மகிழ்ச்சி அடையக்கூடும். அவரும் அவருடைய மகனுமாகச் சுட்ட மிருகங்கள் 512. நல்ல துப்பாக்கி, நல்ல திட்டம், நல்ல புத்தகங்கள்! ஒன்றிலும் குறை இல்லை. ஆனால் அந்த 512ஐப் படிக்கும்போது மனசு, சித்தப்பாவை விட்டுவிட்டுப் பாட்டியின் பக்கம் போய்விடுகிறது. கருவியின் நேர்த்தி வேதனையைக் குறைக்கலாம்; செயலை நியாயமாக்கிவிடாது.

எங்கள் நாமக்கல் பக்கத்தில் வேட்டை என்றதும் நினைவுக்கு வருகிறவன் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி. அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் உருட்டி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். வாத்தியார் சொன்னபோது நாங்கள் கைதட்டினோம். வயசான பிறகு அதே பாட்டில் வேறொன்று கண்ணில் படுகிறது. அந்த அம்பு எந்த உயிரையும் அரைகுறையாக விட்டுவிட்டுப் போகவில்லை. வேட்டைக்காரனும் போய்விடவில்லை, அங்கேயே நின்று, பசித்து வந்த பாணர்களுக்கு இறைச்சி கொடுக்கிறான், பொன் கொடுக்கிறான், தன்னை அரசன் என்று பாடும்போது நாணுகிறான். கவியின் மிகைதான்; இருக்கட்டும். செய்த காரியத்தின் பக்கத்திலேயே நிற்கிறவன் அவன். எங்கள் பெரியப்பா நிற்கவில்லை. அவருடைய தப்பு அதுதான் என்று நினைக்கிறேன். தோட்டாகூட இரண்டாம்பட்சம்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது யார் வேட்டைக்குப் போகிறார்கள் என்று கேட்கலாம். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991ல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். பொழுதுபோக்குக்குச் சுடுகிற காலம் போய்விட்டது. நல்லதுதான். ஆனால் பன்றிகள் இருக்கின்றன. மரவள்ளியும் நிலக்கடலையும் இருக்கின்றன. ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் கிழங்கைப் பன்றிக் கூட்டம் கிளறிப் போட்டுவிட்டால், கடன் வாங்கி நட்டவன் என்ன செய்வான்? அவனிடம் போய் ஜீவகாருண்யம் பேச எனக்கு நா எழாது. அவனுக்குப் பெட்டியும் இல்லை, ஜாபிதாவும் இல்லை. வேலியில் ஒரு கம்பியை இழுத்து மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறான். இல்லையென்றால் தீனிக்குள் மருந்தை வைத்து அவுட்டுக்காய் போடுகிறார்கள்.

முன்னே சேலம் ஜில்லாவில் சேர்ந்திருந்து 1965ல் தர்மபுரி ஜில்லாவுக்குப் போன மாரண்டஹள்ளிப் பக்கம், 2023 மார்ச்சில் அப்படி ஒரு கம்பி. பன்றிக்காக வைத்ததில் மூன்று யானைகள் செத்துக் கிடந்தன. குட்டிகள் இரண்டு பிழைத்து நின்றன. வைத்தவன் யானையை நினைத்தானா? இல்லை. அந்த வழியாகத் தண்ணீர் கட்டப் போகும் பக்கத்துத் தோட்டத்துக்காரனை நினைத்தானா? அதுவும் இல்லை. பன்றியைத்தான் நினைத்தான். பெரியப்பா சிறுத்தையை மட்டும் நினைத்ததைப் போல.

துப்பாக்கி பிடித்தவன் பாறையில் ரத்தத்தையாவது பார்த்தான். கம்பி வைத்தவனுக்கு அதுவும் இல்லை. அவன் தூங்கும்போது அவனுக்காகக் கம்பி கொல்கிறது. கருவி எவ்வளவுக்கெவ்வளவு தானே வேலை செய்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு மனிதன் தன் செயலிலிருந்து விலகிப் போய்விடுகிறான். நமக்கு என்னென்ன வேண்டும் என்பதை ஜாபிதா போட யாருக்கும் தெரியும். நம் காரியம் பிசகினால் யாருக்கு என்ன நேரும் என்று எழுதிப் பார்ப்பதுதான் கஷ்டம். அதை ஒழுங்காக எழுதிப் பார்த்தால் பாதிப் பிரயாணங்கள் நின்றுவிடும். மீதிப் பாதிக்குப் போகிறவனும் கொஞ்சம் தலை குனிந்துதான் போவான்.

பெரியப்பா அதற்குப் பிறகு வேட்டைக்குப் போகவில்லை. அவர் காலமான பின் அந்தத் தகரப் பெட்டி என்னிடம் வந்தது. பழைய வரி ரசீதுகளைப் போட்டு வைத்திருக்கிறேன். மூடியில் ஜாபிதா இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெற்றிலைப் பெட்டிக்குக் கீழே, வேறு மசியில், ஒரு வரி கூடியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"ஊரில் சொல்லிவிட்டு வர வேண்டும்."

போகாத பிரயாணத்துக்கு எழுதி வைத்த வரி அது. கை இழந்த பையனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனாலும் மற்ற எல்லாச் சாமான்களுக்கும் முன்னால் அது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.