மிஞ்சிய துல்லியத்தை என்ன செய்வது?

சுட்ட ரைஃபிள் தோட்டாக்களை வீட்டிலேயே மறுபடி நிரப்பிப் பயன்படுத்தும் அமெரிக்கர்களுக்குள் ஒரு பழைய வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தக் கம்பெனி டை நல்லது? ஆர்சிபிஎஸ்ஸா, ரெட்டிங்கா, ஃபார்ஸ்டரா, ஹார்னடியா, லீயா? விலை ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசப்படும். ஆனாலும் யாரும் தன் டையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஐஃபோனா ஆண்ட்ராய்டா என்று நாம் அடித்துக்கொள்வதெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

என்னிடம் துப்பாக்கி கிடையாது. வாங்கும் எண்ணமும் இல்லை. ஆனால் விஸ்கான்சினில் வேலை பார்த்த இரண்டு வருடங்களில் இந்த வழக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. எது சிறந்த கருவி என்பது என் தொழிலில் தினமும் கேட்கப்படும் கேள்வி. அங்கே தவறான பதிலுக்கு விலை பெரும்பாலும் நேரமும் பணமும்தான். இங்கே கருவியின் கடைசிப் பொருள் ஒரு குண்டு. அது எங்கோ போய் எதன் மீதோ படப்போகிறது. அதனால் ‘எது சிறந்தது’ என்ற கேள்வியின் அடியில் இன்னொரு கேள்வி கிடப்பது இங்கே தெளிவாகவே தெரிகிறது.

முதலில் டை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தோட்டா நான்கு பொருள்களின் கூட்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டதும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். வெடிப்பின் அழுத்தத்தில் அது துப்பாக்கி அறையின் அளவுக்கு உப்பியிருக்கும். அதைப் பழைய அளவுக்கு அழுத்திக் கொண்டுவரும் எஃகு அச்சுதான் டை. நம் ஊர் பட்டறைகளிலும் அச்சுக்கு இதே பெயர்தான். புதுக் குண்டை நேராகச் செருக இன்னொரு டை உண்டு. பெரும்பாலான டைகளின் வெளிமரை ஒரே அளவு: 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. அதனால் ஒரு கம்பெனியின் டையை இன்னொரு கம்பெனியின் பிரஸ்ஸில் மாட்டலாம். இந்தச் சண்டைக்கே அந்தப் பொது மரைதான் காரணம் என்று தோன்றும். மாட்டிப் பார்க்க முடிந்தால்தானே ஒப்பிட முடியும்?

வித்தியாசம் இல்லாமல் இல்லை. வழக்கமான டை கூட்டின் கழுத்தைத் தேவைக்கு மேல் இறுக்கிவிடும். கூட்டை வெளியே இழுக்கும்போது, நடுக்கம்பியில் இருக்கும் ஓர் உருண்டை கழுத்தின் உள்ளே உரசிக்கொண்டு வந்து அதை வேண்டிய அளவுக்கு விரிக்கும். அந்த இழுப்பில் கழுத்து லேசாகக் கோணிக்கொள்ளலாம். கோணிய கழுத்தில் குண்டு நேராக உட்காராது. இதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். ஃபார்ஸ்டர் அந்த உருண்டையைக் கம்பியில் உயரத்தில் வைத்தது. கழுத்து இன்னும் டையின் பிடியில் இருக்கும்போதே உருண்டை உள்ளே நுழைந்துவிடும். ரெட்டிங், கழுத்தை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்ய, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் மாற்று வளையங்கள் தந்தது. லீயின் காலெட் டை உருண்டையையே தூக்கிப் போட்டது. கழுத்துக்குள் ஒரு தண்டு, வெளியே விரல்கள் போல எஃகுத் துண்டுகள். விரல்கள் கழுத்தைத் தண்டின் மேல் அழுத்தும். எண்ணெய்கூட வேண்டாம், விலையும் குறைவு. மூன்றுமே அழகான இன்ஜினியரிங்.

இந்த உலகத்தின் பழைய பெயர் ஒன்றில் ஒரு சின்னக் கதை இருக்கிறது. ஆர்சிபிஎஸ்ஸை 1943இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில்லில் தொடங்கியவர் ஃபிரெட் ஹண்டிங்டன். போர்க்காலம், குண்டுக்குத் தட்டுப்பாடு. சுட்டுப்போட்ட .22 கூடுகளையே உறையாக வைத்துக் குண்டு செய்யும் டை ஒன்றை அவர் உருவாக்கினார். ராக் சக் என்று அங்கே அழைக்கப்படும், அணில் குடும்பத்துக் கொறிவிலங்கைச் சுடுவதற்கான குண்டு அது. ‘ராக் சக் புல்லட் ஸ்வேஜ்’ என்பதன் சுருக்கம்தான் கம்பெனியின் பெயர். அதாவது எதைச் சுடப்போகிறோம் என்பது பெயரிலேயே இருந்தது. சுருக்கிய பிறகு நான்கு எழுத்து மிஞ்சியது, பிராணி மறைந்துவிட்டது.

என் டீமில் ஒரு மூத்த இன்ஜினியர் இருந்தார். விஸ்கான்சினில் தேங்ஸ்கிவிங்கை ஒட்டி ஒன்பது நாள் துப்பாக்கி மான் வேட்டைக் காலம். வருடம் தவறாமல் போவார். ஓர் அக்டோபர் சனிக்கிழமை அவர் கராஜுக்கு நானும் என் ரூம்மேட்டும் போனோம். .308 தோட்டாவுக்கு அவரிடம் இரண்டு டை செட் இருந்தன. ஒன்று மலிவு, இன்னொன்று அதைப்போல மூன்று மடங்கு விலை. “டேய், இந்தக் கட்டைவிரல் சைஸ் இரும்புக்கு இவ்ளோ காசா?” என்று ரூம்மேட் என் காதில் முணுமுணுத்தான். அவர் ஒவ்வொரு தோட்டாவையும் டயல் கேஜில் வைத்து மெல்ல உருட்டிக் காட்டினார். மலிவு டையில் செய்தவற்றில் முள் சற்று அதிகம் ஆடியது, மற்றதில் குறைவு. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை.

பிறகு இரண்டு காகித இலக்குகளைக் காட்டினார். 100 கஜத்தில் இருந்து ஐந்தைந்து குண்டுகள். விலை கூடிய டையின் ஐந்து ஓட்டைகளும் 1.1 அங்குலத்துக்குள், மலிவு டையுடையவை 1.4 அங்குலத்துக்குள். பார்த்ததும் ‘ஆஹா, காசுக்கேற்ற தரம்’ என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. துப்பாக்கி, தோட்டா, சுடுபவர், மூன்றும் மாறாமல் இருந்தாலும் ஐந்து குண்டுகள் விழும் அகலம் ஒவ்வொரு முறையும் மாறும். அந்த ஏற்ற இறக்கம் சராசரியில் ஏறக்குறைய கால் பங்கு. எனவே 1.1, 1.4 என்ற இரண்டு எண்களும் ஒரே டையிலிருந்துகூடச் சாதாரணமாக வந்திருக்கலாம். ஒரு டை நிஜமாகவே பத்து சதவீதம் மேலானது என்று வைத்துக்கொள்வோம். புள்ளியியலில் வழக்கமாகக் கேட்கும் நம்பகத்தோடு அதை நிரூபிக்க, ஒவ்வொரு டைக்கும் நூற்றுக்கு மேற்பட்ட ஐந்து-குண்டுச் சோதனைகள் தேவை. இரண்டுக்கும் சேர்த்து ஆயிரம் தோட்டாக்களுக்கு மேல். அவ்வளவு சுடுவதற்குள் துப்பாக்கிக் குழலே தேய ஆரம்பித்திருக்கும். அளப்பதே அளவுகோலை மாற்றிவிடுகிறது. கைக்குள் அடங்கும் மாதிரிகளை வைத்து எவ்வளவு தூரம் நம்பலாம் என்று, கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் 1908இலேயே ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதிவிட்டார். நமக்கோ இன்றும் ஐந்து ஓட்டைகள் போதுமானதாக இருக்கின்றன.

திங்கட்கிழமை மதிய உணவின்போது இதை அவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார். தெரியும் என்றார். அப்புறம் ஏன் மூன்று மடங்கு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: “நாளைக்கு என் குறி தப்பிச்சுன்னா, தோட்டா சரியில்லைன்னு நான் சொல்ல முடியாதுல்ல? அதுக்குத்தான்.”

இந்தப் பதிலை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பொதுவாக நாம் நல்ல கருவி வாங்குவது பொறுப்பை அதன் தலையில் கட்டத்தான். நல்ல கேமரா, நல்ல கீபோர்டு, நல்ல ஓடும் ஷூ. அவர் தலைகீழாகச் செய்தார். சாக்குகளில் ஒன்றைக் காசு கொடுத்து ஒழித்துக்கொண்டார். தவறுக்கான காரணங்களின் பட்டியலிலிருந்து டையை நீக்கிவிட்டால் பட்டியலில் மிஞ்சுவது அவர்தான்.

இனி மானுக்கு வருவோம். வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் எட்டு அங்குல அகலம் என்று வேட்டைக்காரர்கள் கணக்கு வைப்பார்கள். குண்டு அங்கே பட்டால் மான் சீக்கிரம் விழுந்துவிடும். வயிற்றிலோ காலிலோ பட்டால் காட்டுக்குள் ஓடிப்போய் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் சாகும். 100 கஜத்தில் 1.1 அங்குலமும் 1.4 அங்குலமும் அந்த எட்டு அங்குலத்துக்குள் ஒன்றுதான். 300 கஜத்திலோ, மணிக்கு 10 மைல் வேகக் குறுக்குக் காற்று ஒரு .308 குண்டைச் சுமார் அரை அடி தள்ளிவிடும். டைகளுக்கு இடையிலான வித்தியாசம் அதில் கரைந்தே போகும். டையால் தர முடிந்தது ஒன்றே ஒன்று: தோட்டாக்கள் ஒன்றுபோல் இருப்பது. ஒன்றுபோல் இருப்பவை எல்லாம் சேர்ந்து ஒரே தவறான இடத்திலும் போய் விழலாம்.

என் சக ஊழியர் தனக்கு ஓர் எல்லை வைத்திருந்தார்: 200 கஜம். அதற்கு மேல் எவ்வளவு பெரிய கொம்புள்ள மான் நின்றாலும் சுட மாட்டார். எந்த டைப் பெட்டியின் மேலும் இந்த எண் அச்சிடப்பட்டிருக்காது. நல்ல டை வாங்கிய வருடமும் அவர் அதை 250 ஆக்கவில்லை.

என்னைப் பொறுத்தவரை மொத்த வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. மேலான கருவி நமக்கு ஒரு மிச்சத்தைத் தருகிறது. அதை இரண்டு விதமாகச் செலவழிக்கலாம். அதே தூரத்தில் நின்று தவறைக் குறைக்கலாம். அல்லது அதே அளவு தவறை வைத்துக்கொண்டு இன்னும் தூரம் போகலாம். 1975இல் பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன், கார்களுக்குப் பாதுகாப்பு விதிகள் வந்த பிறகு ஓட்டுநர்கள் அந்தப் பாதுகாப்பை வேகத்துக்கும் கவனக்குறைவுக்கும் செலவழித்துவிடுகிறார்கள் என்று வாதிட்டார். எந்த அளவுக்கு என்பதில் விவாதம் உண்டு. ஆனால் ஆசை எந்தத் திசையில் இழுக்கும் என்பதை எல்லாரும் அறிவோம். காகிதத்தில் ஓட்டைகள் நெருங்க நெருங்க, தூரத்து மான் பக்கத்தில் நிற்பதுபோல் தெரிய ஆரம்பிக்கும்.

இதை நான் வேறு இடத்தில் நேரில் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் கடன் விண்ணப்பங்களின் ஆவணங்களைப் படித்துச் சரிபார்க்கும் மென்பொருள் இருந்தது. அது சந்தேகப்பட்டவற்றை மனிதர்கள் மறுபடி பார்ப்பார்கள். ஒரு வருட உழைப்பில் பிழை கணிசமாகக் குறைந்தது. அன்றைய மீட்டிங்கில் எழுந்த முதல் கேள்வி, “அப்போ மேனுவல் ரிவ்யூவை எடுத்துடலாமா?” எடுத்தார்கள். தவறாக நிராகரிக்கப்படுபவர்களின் எண்ணிக்கை பழையபடியே இருந்தது, அவர்கள் முறையிட ஒரு மனிதர்தான் இல்லாமல் போனார். துல்லியம் கூடியது என்னவோ உண்மை. கூடிய துல்லியத்தை யாருக்காகச் செலவழித்தார்கள் என்று எந்த டாஷ்போர்டும் காட்டவில்லை.

துரோணரின் தேர்வு நமக்கெல்லாம் தெரியும். மரம் தெரிகிறதா, கிளை தெரிகிறதா? இல்லை, பறவையின் தலை மட்டும்தான் தெரிகிறது என்கிறான் அர்ஜுனன். கவனத்தின் உச்சம் என்று பள்ளிக்கூடம்தோறும் சொல்லும் கதை. அதில் நாம் விட்டுவிடும் ஒன்று, அந்தப் பறவை செய்து வைத்த பொம்மை என்பது. காகித இலக்கு மாதிரி. அங்கே மற்றதெல்லாம் மறைந்தால் நட்டமில்லை. பிறகு குருக்ஷேத்திரத்தில் எதிரே நின்றவை முகங்கள். தாத்தா, மாமன், அந்தத் துரோணரே. அன்று தலையை மட்டும் பார்த்தவனுக்கு இன்று எல்லாமே தெரிகிறது, வில் கையிலிருந்து நழுவுகிறது. கிருஷ்ணன் அதற்கு என்ன பதில் சொன்னான் என்பது தனிக் கதை. எனக்கு முக்கியம், உலகத்தின் ஆகத் துல்லியமான வில்லாளிக்கும் அந்தக் கேள்வி வந்தது, அதற்கான பதில் அவன் பயிற்சியில் இல்லை என்பதுதான்.

கராஜிலிருந்து திரும்பும்போது ரூம்மேட் காரில் கேட்டான், “எல்லாம் சரி மச்சி, இவ்ளோ நுணுக்கமும் கடைசில ஒரு உசுர எடுக்கத்தானே?” ஆமாம். அதை மழுப்ப முடியாது. அதே டையில் செய்த தோட்டா மானுக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் பார்க்காது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ‘கருவி நடுநிலையானது’ என்பது அந்த ஊரில் அடிக்கடி கேட்கும் வாதம். எனக்கு அது பாதி உண்மையாகப்படுகிறது. கருவி யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் நம் பார்வை எங்கே நிற்க வேண்டும் என்பதை அது பழக்கிவிடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அளக்க முடியாதது இல்லாததுபோல் ஆகிவிடும் அபாயம் இருக்கிறது.

ஆனால் நுணுக்கத்தையே சந்தேகிப்பதும் சரியில்லை. காகிதத்தை மட்டுமே சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்களுக்குத் துல்லியமே விளையாட்டு, அங்கே யாருக்கும் வலிப்பதில்லை. உயிரைச் சுடுகிறவனிடமோ நுணுக்கம் இல்லாமல் இருப்பதுதான் பெரிய கொடுமை. டயல் கேஜ் முள்ளை உற்றுப்பார்க்கும் அந்தப் பொறுமை தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுத்தரும். அந்தப் பொறுமை முள்ளோடு நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

எனவே எந்த டை நல்லது என்று யாராவது கேட்டால், கழுத்தைக் கோணாமல் வைக்கும் எதுவும் நல்லதுதான், காசுக்கேற்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். கூடவே ஒன்று கேட்பேன்: இதை வாங்கிய பிறகு உங்கள் 200 கஜம் எத்தனை கஜம் ஆகப்போகிறது? டைக்கு மட்டுமில்லை, வேகமான கம்ப்யூட்டருக்கும் கெட்டிக்கார மென்பொருளுக்கும் இதே கேள்விதான். அந்த எண்ணை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு வாங்குகிறவரிடம் விலை கூடிய கருவி இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.