உட்கார ஒரு முக்காலி

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் விட்டதும் மெடிக்கல் ஷாப் வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். ஒருவர் கன்னடத்தில் கேட்பார், அடுத்தவர் தெலுங்கில், மூன்றாமவர் இந்தியில். "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணுண்ணா, சாப்பிட்ட பிறகு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நிற்கும் பெண் கவரில் 1-0-1 என்று எழுதுவார். எழுத்தறியாதவருக்குச் சூரியனும் நிலாவும் வரைவார். அட்டையைக் கத்தரிக்கும்போது காலாவதித் தேதி இருக்கும் பக்கம் மிச்சத்தோடு நிற்கும்படி பார்த்து வெட்ட வேண்டும். ஷெட்யூல் எச்-1 மருந்தென்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதை 3 ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். எழுதும்போதே பின்னாலிருந்து ஒரு குரல்: "சீக்கிரம்மா, பஸ் போயிடும்!"

இத்தனையும் நின்றபடி.

துணிக்கடைப் பெண்கள் போராடியதன் பலனாகக் கேரளம் 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வேண்டும் என்றது. மருந்துக் கடையும் கடைதானே? முக்காலி இருக்கும், அதன்மேல் சிரப் பெட்டி உட்கார்ந்திருக்கும். ஊழியர் உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவாம். கால் கடுத்து நிற்பவர் கண்ணுக்கு, பெயர் ஒத்த இரண்டு மாத்திரைகள் ஒன்றாகத் தெரிய நெடுநேரம் ஆகாது. ராத்திரி பத்து மணிக்குச் சீட்டை நீட்டுபவருக்கு அது தோன்றாது. முதலாளிக்குத் தோன்றலாம்.