மறைந்திருக்கும் நறுமணம்



தாம் திராட்சைக் கொடி, நாம் கிளைகள் என்று சேசுநாதர் சுவாமி சொன்ன உவமையை நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கனகசெட்டிக்குளத்தின் கடற்கரை மணலில் வாழும் நமக்குத் திராட்சைக் கொடியோடு பழக்கம் குறைவு. கடையில் வாங்குகிறோம், தின்கிறோம், அவ்வளவே. ஆகையால் இன்று இரண்டு திராட்சைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று உங்களுக்குத் தெரிந்ததே: கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை. 1832-ல் ஒரு பிரெஞ்சு குருவானவர் அதை நம் நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வாயில் போட்டவுடனே மணம் தெரியும்.

மற்றது வெள்ளைத் திராட்சை. பெயர் சோவிஞ்ஞோன் பிளாங். பிரான்சு தேசத்தில் பிறந்தது. காட்டைச் சார்ந்த என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அதன் பெயர் வந்தது என்பார்கள். அதன் இரசம் நல்ல புளிப்போடு, கொய்யாவும் பப்ளிமாசும் கலந்தாற்போல் மணக்கும். ஆனால் பழத்தைப் பறித்து முகர்ந்து பாருங்கள். அந்த மணம் பிடிபடாது!

அப்படியானால் மணம் எங்கிருந்து வந்தது? 1990-களில் போர்தோ பல்கலைக்கழகத்தில் தக்காதோஷி தொமினாகா என்ற ஜப்பானியரும், தெனி துபூர்தியூ என்ற பேராசிரியரும் இதை ஆராய்ந்தார்கள். மணம் பழத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் வேறொரு பொருளோடு பிணைந்து, வாசனையற்ற உருவில் அடைபட்டிருக்கிறது. பழத்தைப் பிழிந்து, சாறு புளிக்கும்போது, ஈஸ்ட் அந்தப் பிணைப்பை அவிழ்க்கிறது. அப்போதுதான் அடைபட்டிருந்த மணத்தில் ஒரு பங்கு வெளியே வருகிறது.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் இந்த இருவகைப் பிள்ளைகள் உண்டல்லவா? ஒருவன் பன்னீர்த் திராட்சை. பள்ளிக்கூடத்தில் முதல், பேச்சில் முதல், வந்தவர்கள் எல்லாரும் மெச்சுவார்கள். இன்னொருவன் வாய் திறவாதவன், மதிப்பெண் குறைந்தவன். “அண்ணனைப் பார், நீ எதற்கு உதவுவாய்?” என்று சோற்றுத் தட்டின் முன்னால் அவனைக் கேட்கிறோம். அந்தச் சொல் அவன் நெஞ்சில் எத்தனை வருஷம் தங்கும் என்று நினைத்ததுண்டா? சர்வேசுரன் அவனுள் வைத்த மணத்தை நீங்கள் இன்னும் முகரவில்லை என்பதனால், அது இல்லை என்று ஆகிவிடுமா?

“அப்படியானால் அவனைக் கண்டிக்கவே கூடாதோ?” என்பீர்கள். கொடியையே கேளுங்கள். இக்கொடி மிதமிஞ்சித் தழைப்பது. இலைகள் குலையை மூடி நிழல் அடர்ந்தால், இரசம் பச்சைக் குடமிளகாய்போல் நாறும். ஆகவே குலையைச் சுற்றியுள்ள இலைகளில் சிலவற்றைக் கிள்ளுகிறார்கள். எல்லாவற்றையும் உருவிவிட்டால் வெயிலில் பழம் வெந்துபோகும். செல்லம் என்ற நிழலும் வேண்டாம். ஓயாத கோபம் என்ற வெயிலும் வேண்டாம்.

அந்நிய நிலத்தில் இது வளருமோ என்று பலர் ஐயப்பட்டிருப்பார்கள். 1997-ல் ராஜீவ் சமந்த் என்பவர் மகாராஷ்டிரத்து நாசிக்கில் இக்கொடியை நட்டார். 2000-ல் அவருடைய சூலா நிறுவனத்தின் முதல் இரசம் வெளிவந்தது. குளிர்நாட்டில் கொடி பனிக்காலத்தில் உறங்கும். நம் நாட்டில் அது உறங்குவதில்லை. ஆகவே நாசிக்கில் ஏப்ரல் வாக்கில் ஒருமுறை, செப்டம்பர், அக்டோபரில் மறுமுறை, ஆக இருமுறை கவாத்து செய்கிறார்கள். நிலத்தை அறிந்து வளர்த்தால் கொடி பலன் தரும். அண்ணனுக்குச் சரியான முறை தம்பிக்கும் சரியாகவேண்டும் என்பதில்லை.

இங்கே ஒரு வார்த்தை. திராட்சை இரசத்தைப் பற்றிப் பேசினேன். குடியைப் புகழ்ந்தேனென்று ஒருவரும் எண்ணவேண்டாம். புதுச்சேரியின் எல்லையூரில் வாழும் நமக்கு, குடி ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதை யாரும் போதிக்கவேண்டியதில்லை. தகப்பன் தள்ளாடி வரும் வீட்டில், பிள்ளையின் மணத்தை முகர யாருக்கு நேரம்?

பூசையில் குருவானவர் பாத்திரத்தில் வார்ப்பதும் திராட்சைக் கனியின் கலப்பற்ற இரசமே. வெள்ளையானாலும் சிவப்பானாலும் ஏற்கும். பிழியப்பட்ட அந்தக் கனி ஆண்டவருடைய திரு இரத்தமாகிறது. இந்த ஞாயிறு பாத்திரம் உயர்த்தப்படும்போது, உங்கள் வீட்டில் மணமில்லாதவன் என்று தள்ளிவைத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். பிணைப்பை அவிழ்க்க அதுவே போதுமானதாயிருக்கலாம்.

ஆமென்.